செவ்வாய்க்கிழமை அபிப்பிராயங்கள்

மாலை ஆறரை. லொரியாந்த் நகராட்சிக் கட்டடத்தின்
பின்பக்க அறை, பகலில் குழந்தைகள் படம் வரையும் இடம்.
நாற்காலிகள் எங்கள் முழங்காலுக்குக் கீழே.
மயேல் டீச்சர் படச்சீட்டுகளைக் குலுக்கிப் போடுகிறாள்,
பணம் வைத்து ஆடுபவளைப் போல.

"என்ன வேலை என்று சொல்லுங்கள்.
அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்."
பிடித்து ஏறப் பலகையில் மூன்று கைப்பிடிகள்:
ஜ பான்ஸ் கெ, நான் நினைக்கிறேன்.
ஜ த்ரூவ் கெ, எனக்குப் படுகிறது.
அ மொன் அவி, என்னைக் கேட்டால்.

என்னைக் கேட்டால்!
இந்த ஊரில் நான்கு குளிர்காலம் ஆகிறது.
பெயரைக் கேட்டார்கள். பிறந்த தேதியைக் கேட்டார்கள்.
கையெழுத்தைக் கட்டத்துக்குள் போடும்படி கேட்டார்கள்.
என்னை யாரும் கேட்டதில்லை.

ஃபில்மோனுக்குத் தீயணைப்பு வீரர் விழுந்தது.
"ஆபத்தான வேலை, ஆனால் பயனுள்ளது"
என்றான், புத்தகத்தில் உள்ளபடி, ஓர் எழுத்துப் பிசகாமல்.
ஜுசேலியாவுக்குப் பல் மருத்துவர்.
"விலை அதிகம்" என்றாள்.
அது வேலையைப் பற்றிய கருத்துதானா என்று
கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது.
செர்ஹாத்துக்கு முடிதிருத்துபவர்.
பதினொரு வயதிலிருந்து கத்தரி பிடித்தவன்
சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்:
"இதைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். சொல் போதாது."

எனக்கு விமானி.
குத்தாய்சியிலிருந்து ஐந்து நாள்
பேருந்து மாறி மாறி வந்தவள் நான்.
சுவாரஸ்யமான வேலை என்றேன்.
மயேல் கைதட்டினாள்.
மீன் அறுக்கும் பெண்ணின் படம் அந்தக் கட்டில் இல்லை.
இடைவேளையில் தேடிப் பார்த்தேன், இரண்டு முறை.

பிறகு இலக்கணம்.
நினைக்கிறேன் என்றால் வினைச்சொல் நிமிர்ந்து நிற்கும்.
நினைக்கவில்லை என்று சொன்னால் போதும்,
அதே வினை முதுகை வளைத்து
வேறு உருவம் எடுத்துவிடும்.
"எ" என்று இருந்தது "ஸ்வா" ஆகிவிடும்.
மறுத்துப் பேச இவர்களிடம்
தனியாக ஒரு வினை இருக்கிறது என்று
இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

கடைசியில் கேள்வி நேரம்.
"மேடம், உங்கள் வேலை? உங்களைக் கேட்டால்?"
மயேல் சிரித்தாள். பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.
மணிக்கணக்கில் சம்பளம், ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது.
ஜுசேலியாவுக்கு அது தெரியும்,
ஆகவே எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
"நான் நினைக்கவில்லை, இது..." என்று தொடங்கி
ஸ்வா வரைக்கும் வந்து நின்றாள்.
அதற்கடுத்த சொல் வரவில்லை.
பலகைப் பக்கம் திரும்பி
"பார்த்தீர்களா, ஸ்வா!" என்று அடிக்கோடிட்டாள்,
இரண்டு கோடு.
நாங்கள் எழுதிக்கொண்டோம்.

இரவு இரண்டு மணி, கெரோமான் துறைமுகம்.
ரப்பர் காலணிக்குள் பனிக்கட்டித் தண்ணீர்.
பெட்டி பெட்டியாகக் கானாங்கெளுத்தி,
குழல்விளக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.
மேற்பார்வையாளர் லெ கொஃப் வழக்கம்போல்
"சா வா, நெஸ்தான்?" என்று கேட்டபடியே கடந்துபோனார்.
நான்கு குளிர்காலமாய் "சா வா" என்றே
சில்லறை போலத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இன்று கத்தியை மேடையில் வைத்தேன்.
"அ மொன் அவி" என்றேன்.
அவர் நின்றார்.
என்னைக் கேட்டால், இந்தக் கத்திக்குக் கூர் போதாது.
மூன்று வாரமாகப் போதாது.
கட்டைவிரல் மரத்துப்போகிறது.
இது சரி என்று நான் நினைக்கவில்லை.
(ஸ்வா சரியாக விழுந்தது.
அதைக் கவனித்தது நான் மட்டும்தான்.)

லெ கொஃப் கத்தியை எடுத்து
நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் அதோடு போய்விட்டார்.
அடுத்த மேடைப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.
மீன் வந்துகொண்டே இருந்தது.
வெறுங்கையோடு நின்றேன்.
அவர் எதைக் கொண்டு திரும்புவாரோ,
அதற்குள் இன்னொரு வாக்கியத்தை
வாய்க்குள் கட்டி முடித்தேன்,
கையுறைகளைப் பற்றி.